நம்ம வயலுக்கு ஏன் நாரை வரலை?

மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை. என் மகள், தம்பி மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வேட்டங்குடிக்குப் போனேன். பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு நாலு. சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற கண்மாய்கள்தான் அவை. 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் பிள்ளைகளை ஒருநாளும் கூட்டிப் போனதில்லை.

ஒரு பைனாகுலர் இரவல் வாங்கியிருந்தேன். நாலு வயசுக்காரனுக்கு அதில் ஒண்ணும் தெரியவில்லை, விளையாட்டுச் சாமானாகிவிட்டது. பறவைப் பெயர்களைப் பாடம் மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை. பேசாமல் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் அவர்களாகவே பார்க்க ஆரம்பித்தார்கள். கருவேல மரம் முழுக்க வெள்ளையாக எச்சம், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பது, காலடியில் உடைந்த நத்தை ஓடு. ஓட்டை எடுத்துச் சின்னவன் சட்டைப்பையில் போட்டான். "சரணாலயத்துல இருந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாதுடா" என்றதும் மனசில்லாமல் கீழே வைத்தான்.

"சித்தப்பா, அந்தப் பறவை வாயை ஏன் மூடவே மாட்டேங்குது?" என்று கேட்டதும் அவன்தான். நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். இதைச் சொன்னதும் மூணு பேரும் கூடு கூடாகக் குஞ்சு தேடினார்கள். பெயரை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் நின்றார். இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வரும் வழியில் சொல்லியிருந்தேன். மகள் நேராக அவரிடமே கேட்டுவிட்டாள்.

"நெசமாவே வெடி போட மாட்டீங்களா தாத்தா?"

"குஞ்சு பயந்துருமில்ல தாயி."

என்னைப் பார்த்து, "எச்சம் விழுந்த தண்ணி தம்பி, வயலுக்கு நல்லா கேக்கும்" என்றார். வேடந்தாங்கல் உழவர்கள் இந்தக் கணக்கை என்றைக்கோ போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 1798-லேயே கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்பு வாங்கினவர்கள் அவர்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் காசில்லாமல் பறந்து வருவதை யார் விடுவார்?

திரும்பும்போது மகள் கேட்டாள். "நம்ம வயல்லயும் தண்ணி கெடக்கே, நாரை ஏன்ப்பா வரலை?"

நத்தை இல்லை, அதனால் வரவில்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவில்லை. மூணு வருசத்துக்கு முன்னால் தண்டுத் துளைப்பானுக்குப் பயந்து குருணை மருந்து போட்டேன். ரெண்டாம் நாள் காலையில் வரப்பில் மூணு கொக்கு செத்துக் கிடந்தது. புதைத்துவிட்டு வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"நீயாப்பா போட்ட?"

"நான்தான் ஆத்தா."

வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

மருந்தை விட்டு இது ரெண்டாவது வருசம். மேல் வயல்காரர் இன்னும் விடவில்லை, அவர் மடைத் தண்ணி என் வயல் வழியாகத்தான் வடிகிறது. நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டிருக்கிறேன், மழை கனத்தால் அதுவும் நிற்காது. அவரிடம் பேச வேண்டும்.

அடுத்த ஞாயிறு மகளே கூப்பிட்டாள். பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றினோம். ஒரு மணி நேரம் தேடி ஒரே ஒரு நத்தை. சின்னவன் வீட்டுக்குக் கொண்டு போகணும் என்று அழுதான். அவள் வாங்கித் தண்ணீரிலேயே விட்டாள்.

இப்போது வாராவாரம் போகிறோம். போன வாரம் அவள் எழுதினது: நத்தை ஏழு, நண்டு வளை மூணு, தவளை நெறைய, நாரை இல்லை.