நடுவே நிற்கும் எட்டுப் பற்கள்

முன்பற்களை முல்லையரும்பென்று பாடினர் நம் புலவர். வேட்டைப்பல் அரக்கர் முகத்துக்கு அணியாயிற்று. வாலிபத்தில் வலியோடு முளைக்கும் கடைசிப் பல்லுக்குக்கூட ஞானப்பல் என்று பட்டம் கொடுத்திருக்கின்றோம். வேட்டைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே, மேற்றாடையில் 4, கீழ்த்தாடையில் 4 ஆக நிற்கும் முன்கடைவாய்ப்பற்களை மட்டும் எவரும் பொருட்படுத்தினாரில்லை. அப்பெயர்தானும் அயலானைச் சுட்டி இட்ட பெயரே.

வேட்டைப்பல் கிழித்ததை நசுக்கிக் கடைவாய்க்கு அரைக்கக் கொடுப்பது இவற்றின் பணி. இதற்கேற்பப் பெரும்பாலும் இரு கூர்கள் உள்ளன. ஒன்று கன்னப் பக்கம், மற்றையது நாக்குப் பக்கம். கீழ்த்தாடையின் முதலாவதில் உட்கூர் மிகச் சிறிதாதலால் அது வேட்டைப்பல்லின் தம்பி போலத் தோன்றும். அடுத்து நிற்பதோ பலருக்கு மூன்று கூர்களுடன் கடைவாய்ப்பல்லை ஒத்திருக்கும்.

பல் வைத்தியர் முதலாவது, இரண்டாவது என எண்ணும் இவற்றை விலங்கியலார் மூன்றாவது, நான்காவது என்பர். ஆதிப் பாலூட்டிகளுக்குத் தாடையின் ஒவ்வொரு பாதியிலும் நான்கு இருந்தன; நம் கிளையில் முன்னிரண்டும் மறைந்தன என்பது அவர்கள் கணக்கு. தென்னமெரிக்கக் குரங்குகளுக்கு இன்றும் மூன்று உண்டு. இலங்கைக் காட்டுக் குரங்குக்கோ நம்மைப் போல இரண்டே!

ஆசிரியர்களுக்கு நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. குழந்தையின் 20 பாற்பற்களுள் முன்கடைவாய்ப்பல் ஒன்றேனும் இல்லை. பாற்கடைவாய்ப்பற்கள் எட்டும் விழுந்த இடங்களிலேயே, 10 முதல் 12 வயதுக்குள், இவை வெளிவருகின்றன. அதுவரை பாற்பல்லின் விரிந்த வேர்களுக்கிடையே, எலும்பினுள் உருவாகிக்கொண்டிருக்கும். “விழப்போகும் பல்தானே” என்று சூத்தைப் பல்லைக் கவனியாது விடும் பெற்றோர் நம்மிடையே அநேகர். சூத்தை முற்றி 7, 8 வயதிலேயே அதனைப் பிடுங்க நேர்ந்தால், 6 வயதளவில் பின்னால் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல் அவ்வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்துவிடக்கூடும். பின்னர் வரும் பல்லுக்கு இடமேது? வரிசை பிறழ்ந்து முளைக்கும். சிலவேளை எலும்பினுள்ளேயே அகப்பட்டுக் கிடக்கும். பாற்பல்லின் வேரடியிற் கட்டும் சீழ், கீழே உருவாகும் பல்லின் எனாமலையும் ஊறுபடுத்தக்கூடும்.

நெருங்கிய பல்வரிசையைத் திருத்த வேண்டி வைத்தியர் பற்களை அகற்றும்போது, பெரும்பாலும் பலியாவதும் முன்கடைவாய்ப்பல்லே. நல்ல பல்லொன்று இவ்வாறு போவதை என்னால் எளிதிற் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. சூத்தையைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடலாம். பிடுங்கியே தீரவேண்டுமெனில், வெற்றிடம் சுருங்காதபடி காக்கும் சிறு கம்பிக் கருவியும் உண்டு. வகுப்பிலே கன்னத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப ஒரு துண்டுக் கடிதம் போதும்.