எருவும் மருந்தும்

தீபாவளிக்கும் மகாசிவராத்திரிக்கும் மாதேஸ்வரன் மலைக்குத் திரண்டு செல்லும் அடியார் கூட்டத்தில் தமிழ்நாட்டினர் மிகப் பலர். பழைய மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-ஆம் ஆண்டில் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் அம்மலை இன்று அடங்கியிருக்கிறது. மேட்டூரிலிருந்து பாலாற்றைக் கடந்து மலைப்பாதையில் ஏறுவோர், செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட மாடுகள் புதர்களினூடே மேய்வதைக் கண்டிருப்பர். எல்லைக்கு இப்பால் உள்ள பர்கூர் மலைக்கு உரிய மாட்டினம் அது. அம்மாடுகள் கறக்கும் பால் சொற்பம். மந்தை மந்தையாகக் காட்டுக்குள் பட்டி போட்டு அடைக்கப்படும் அவற்றால் உடையவர்க்குக் கிடைக்கும் வருவாயில் சாணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டியில் சேரும் எருவைச் சமவெளி உழவர்கள் விலை கொடுத்து வாங்கி வண்டியேற்றிச் செல்வர்.

சாணம் இவ்வாறு நெடுந்தூரம் பயணம் செய்யும் சரக்காகிவிட்டது என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்திப்பூர்க் காட்டை அடுத்த சிற்றூர்களிலிருந்து வயநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குச் சாணம் ஏற்றுமதியானதையும், உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியபோது அவ்வூர்களில் மாட்டுக் கணக்கும் ஏறியதையும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை 2005-இல் விளக்கியது. 2025 ஜூன் மாதத்தில் மாதேஸ்வரன் மலைச் சரணாலயத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் நஞ்சூட்டப்பட்ட மாட்டுச் சடலத்தைத் தின்று மாண்டன. அடுத்த மாதமே கர்நாடக வனத்துறை அமைச்சர் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடுக்குமாறு உத்தரவிட்டார். புலியின் பக்கம் உள்ள நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காட்டு எரு அருகினால் உழவர் வேறு எருவைத் தேடுவார். பக்கத்தில் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பது கோழிப் பண்ணைக் கழிவு. நாமக்கல் வட்டாரத்தில் அதற்குக் குறைவே இல்லை. ஓர் எருவை விட்டு மற்றோர் எருவுக்கு மாறுவதில் என்ன கேடு என்று கேட்கலாம். அதற்கு விடை கூறவே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சுகாதார அறிக்கை ஒன்றைத் தமிழாக்கியபோது 'மருந்து எதிர்ப்பு' என்று எழுதி அனுப்பினோம். அதைப் படித்த நண்பர் ஒருவர், எந்த ஊரில் மக்கள் மருந்தை எதிர்த்துக் கிளம்பினார்கள் என்று விசாரித்தார். பிழை நம்முடையதே. 'நோய் எதிர்ப்பு' என்னும்போது எதிர்ப்பது நம் உடல், அது நன்மை. இங்கு எதிர்ப்பது கிருமி; எதிர்க்கப்படுவது மருந்து. மருந்துக்கு மசியாத கிருமி என்று கொண்டால் பொருள் விளங்கும்.

இம்மருந்துகளில் பல மண்ணில் பிறந்தவை. காசநோயை அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்தே கண்டெடுக்கப்பட்டது. 1948-இல் அறிவிக்கப்பட்ட ஆரியோமைசினும் அமெரிக்க நாட்டின் ஒரு வயல்மண்ணிலிருந்து கிடைத்ததே. அம்மருந்து உருவான ஆய்வுக் கூடத்துக்குத் தலைமை தாங்கியவர், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. மண்ணில் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று வெல்ல நஞ்சு சுரக்கின்றன. நஞ்சைத் தாங்கும் திறனும் அங்கேயே வளர்கிறது. வட கனடாவில் முப்பதாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில்கூட இத்தாங்கும் திறனுக்குரிய மரபுக் கூறுகள் இருந்தன என்று 2011-இல் விஞ்ஞானிகள் கண்டனர். ஆகவே மருந்துக்கு மசியாமை மனிதன் படைத்ததன்று. அரிதாக இருந்ததை மலியச் செய்ததுதான் மனிதன் செய்த காரியம்.

அது எவ்வாறு நேர்ந்தது? ஆரியோமைசின் வடித்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தபோது அவை விரைவாகப் பருத்தன. 1950 முதல் இச்செய்தி பரவியது. நோயில்லாத பிராணிக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்து என்னும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிற்று. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பழக்கப் போதுமான அளவு அது. மென்மையான கிருமிகள் மடிய, வன்மையானவை குடலில் இடம்பிடித்துப் பெருகும். உண்ட மருந்திலும் ஒரு பகுதி, டெட்ராசைக்ளின் வகைகளில் பெரும் பகுதியே, மாறாமல் கழிவோடு வெளியேறுகிறது. எனவே எருக்கூடையில் மூன்று பொருள்கள் சேர்ந்து வயலுக்குப் போகின்றன: பயிருக்கு வேண்டிய சத்து, மிஞ்சிய மருந்து, அம்மருந்துக்கு மசியாத கிருமி.

வயலுக்குச் சென்ற குடற்கிருமி வெயிலிலும் காற்றிலும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆயினும் சாகுமுன் அது தன் கல்வியைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்துவிடும். ஒரு கிருமி மருந்தைத் தாங்கும் மரபுக் கூறை வேற்றினக் கிருமிக்கும் கைமாற்ற வல்லது என்பதை, வயிற்றுக்கடுப்பு நோயை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள் 1959-ஆம் ஆண்டளவில் நிறுவினர். தந்தை மகனுக்கு வைத்துப்போகும் சொத்தாக மட்டும் அது இருந்திருந்தால் நமக்கு இத்துணைக் கவலை இல்லை. அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் அள்ளிக் கொடுக்கும் சொத்தாக அன்றோ இருக்கிறது!

நம் நாட்டு நிலையும் ஆராயப்பட்டது. தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய நான்கு மாநிலங்களில் பன்னிரண்டு கோழிப் பண்ணைகளின் கழிவையும் அண்டை நிலங்களின் மண்ணையும் சோதித்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டது. பல மருந்துகளுக்கு ஒருசேர மசியாத கிருமிகள் பண்ணைக் கழிவில் இருந்தன. அக்கழிவை எருவாக இட்ட வெளி நிலத்திலும் அவற்றை ஒத்த கிருமிகள் காணப்பட்டன. வேறெந்த மருந்தும் பயன்படாத நிலையில் மருத்துவர் இறுதியாகக் கையிலெடுப்பது கோலிஸ்டின். அதற்கும் மசியாத, கைமாறக்கூடிய மரபுக் கூறு ஒன்றைச் சீன நாட்டில் பன்றிகளிடத்தும் மனிதரிடத்தும் கண்டதாக 2015-இல் செய்தி வந்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் கோலிஸ்டினைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. காலம் தாழ்ந்ததாயினும் நல்ல ஆணை என்றே சொல்ல வேண்டும்.

கறவை மாட்டுக்கு வருவோம். மடிவீக்கம் கண்ட பசுவுக்குக் காம்பின் வழியே மருந்து செலுத்துவது வழக்கம். இத்தனை நாள் பாலை விற்கலாகாது, இறைச்சிக்கு அனுப்பலாகாது என்று விலக்கு நாட்கள் விதிக்கப்பட்டிருக்கின்றன. அவ்விதியை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு பேச்சு. அதே நாட்களில் அப்பசு இடும் சாணத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது வழக்கம்போல் குப்பைக் குழிக்குப் போகிறது. மருந்துண்ட மாட்டின் சாணத்தைத் தனியே ஒதுக்கி, நீண்ட நாள் மக்கவிட்டுப் பிறகு பயன்படுத்துவது எந்தக் கொட்டிலிலும் செய்யக்கூடியதே.

இனி, காட்டுப் பட்டி எரு முற்றும் குற்றமற்றதா? தழையும் புல்லும் தின்று வாழும் மாட்டின் சாணத்தில் மருந்தெச்சத்துக்கு இடம் மிகக் குறைவு. அவ்வகையில் அது பண்ணைக் கழிவினும் மேலானது. ஆனால் அமெரிக்க விஞ்ஞானிகள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் நம்பிக்கையைச் சற்று அசைக்கிறது. மருந்தே அறியாத பசுக்களின் சாணத்தை இட்ட மண்ணிலும், ரசாயன உரம் இட்ட மண்ணைவிட, மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகின. பெருகியவை பசுவின் குடலிலிருந்து வந்தவை அல்ல, மண்ணிலேயே குடியிருந்தவை. சாணத்தின் ஊட்டம் அவற்றுக்கும் விருந்தாகிவிட்டது. இயற்கை எரு என்ற பெயரொன்றே காப்பாகாது என்பது இதனால் புலப்படும். இதைக் காரணமாக்கி எருவையே ஒதுக்கிவிடுவது பேதைமை. உழுவதினும் எருவிடுதலை உயர்த்திச் சொன்ன வள்ளுவர் நாட்டில் அதை யாரும் ஏற்கவும் மாட்டார்.

செய்யத்தக்கது எருவை முறையாக மக்கவிடுதல். நம் குப்பைக் குழிகளில் பெரும்பாலும் நடப்பது மக்குதல் அன்று, வெறுமே கிடத்தல். ஈரச் சாணம் தன் பாரத்தால் இறுகிக் காற்றுப் புகாமல் குளிர்ந்தே இருக்கும். வைக்கோலும் சருகும் அடுக்கடுக்காகக் கலந்து, ஈரம் அளவாக இருக்குமாறு குவித்தால், உள்ளே வாழும் நல்ல நுண்ணுயிர்களின் உழைப்பால் குவியல் தானே சூடேறும். ஐம்பத்தைந்து பாகை செல்சியஸ் எட்டி, அச்சூடு பதினைந்து நாளாவது நிலைத்து, அதற்குள் ஐந்து முறை புரட்டவும்பட்டால் குடற்கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை அழியும். இஃது அமெரிக்க அரசு இயற்கை வேளாண்மைக்கு விதித்துள்ள அளவு. வெப்பமானி இல்லாதவர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகிச் சிறிது நேரம் கழித்து உருவிப் பார்க்கட்டும். கையில் பிடிக்க இயலாதபடி சுட்டால் வேலை நடக்கிறது; வெதுவெதுப்பாக இருந்தால் புரட்ட வேண்டும். டெட்ராசைக்ளின் போன்றவை இச்சூட்டில் பெரும்பாலும் சிதைகின்றன. என்ரோபிளாக்சசின் சேர்ந்த குடும்பத்து மருந்துகள் எளிதில் சிதையாமல் மண்துகளோடு ஒட்டிக் கிடக்கும். மரபுக் கூறுகளும் குறையுமேயன்றி அடியோடு மறைவதில்லை. ஆதலின் மருந்தைத் தீனியில் சேர்க்காதிருப்பதற்கு ஈடாக வேறெந்தக் காப்பும் இல்லை.

பச்சைச் சாணத்தை இட்டே தீரவேண்டிய நிலை சிலருக்கு வரும். விளைபொருள் மண்ணைத் தொடுவதாயின் எருவிட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாளும், தொடாததாயின் 90 நாளும் கழிய வேண்டும் என்பது அதே விதி. மஞ்சளுக்கும் கரும்புக்கும் இதில் இடையூறு இல்லை. அவை வயலில் நிற்கும் காலம் அதனினும் நீண்டது. உண்ணுமுன் வேகவும் செய்கின்றன. தொல்லையெல்லாம் பச்சையாக உண்பவற்றில்தான். கொத்துமல்லி நாற்பது நாளில் பறிப்புக்கு வரும். முள்ளங்கியும் ஏறக்குறைய அப்படியே. அவற்றுக்கென்று பச்சை எரு இடும் வழக்கத்தை விட்டு, முன்பயிரான நெல்லுக்கோ ராகிக்கோ அடியுரமாக அதை இட்டுவிட்டால், கீரை விதைக்கும் நாளில் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடும். எரு அள்ளுவோர் காலில் புண்ணிருந்தால் அன்று அவ்வேலைக்கு வேறொருவரை விடுவதும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கால் கழுவுவதும் இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கவை.