சுறவும் திருக்கையும்

கடல்வாழ் உயிர்களுள் சுறவும் திருக்கையும் ஓரினத்தைச் சார்ந்தவை. ஏனைய மீன்களுக்கு உள்ளது போன்ற முள்ளெலும்பு இவற்றிற்கு இல்லை. இவற்றின் உடலைத் தாங்கி நிற்பது குருத்தெலும்பே ஆகும். சுறாவின் செவுட்பிளவுகள் உடலின் இருபக்கங்களிலும் அமைந்துள்ளன. திருக்கைக்கோ அவை அடிப்புறத்தில் உள்ளன. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு இஃதே தக்க அடையாளமாம்.

வாழும் இடத்திற்கேற்ப இவற்றின் இயல்பும் வேறுபடும். தட்டையுடல் வாய்ந்த திருக்கைகளிற் பல, கடலடி மணலிற் புதைந்து கிடந்து நண்டு முதலியவற்றை உண்ணும். கொம்புத் திருக்கையோ, சிறகசைக்கும் பறவைபோல் நடுக்கடலில் நீந்தித் திரியும். கிரீன்லாந்துச் சுறா வடதுருவத்தை அடுத்த குளிர்கடலில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழும். மீன்கள் அனைத்தினும் பெரிதாகிய திமிங்கலச் சுறா, வெப்பக் கடல்களில் உலவி, நுண்ணுயிர்களையே பேரளவில் இரையாகக் கொள்ளும்.

நெய்தல் நில மக்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டனர் என்று பட்டினப்பாலை கூறும். அக்கொம்பு வேளாமீனின் வாளே எனக் கருதுவர். வேளா, தோற்றத்தால் சுறாவை ஒப்பினும், செவுட்பிளவு அடிப்புறத்தில் இருத்தலின் திருக்கையினத்தைச் சார்ந்ததே. ஆழம் குறைந்த கரையோரக் கடலும் கழிமுகமும் அதன் உறைவிடங்கள். ஆதலின் அது வலையில் எளிதிற் சிக்கும். பல்வரிசை பொருந்திய அதன் வாளே வலையிற் கோத்துக்கொண்டு அதற்குப் பகையாய் முடியும்.

இவ்வினத்தவற்றுட் பல, முதிர்ச்சியுற நெடுங்காலம் வேண்டும். அவை ஈனும் குஞ்சுகளும் சிலவே. ஆகவே, பிடிபடும் அளவிற்கு அவை பெருகுவதில்லை. 2001ஆம் ஆண்டில் இந்திய அரசு திமிங்கலச் சுறாவையும் வேளாவையும் பிடித்தலாகாது எனச் சட்டத்தால் தடுத்தது. முன்னோர் வணங்கிய உயிர் பின்னோர் கண்ணிற் படாது மறைந்தொழியாமற் காத்தல் நம் கடனாகும்.