புயலுக்குப் பின் மின்சாரம் வரும் வழி

2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை வீசியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அதன் காற்று ‘தானே’ அளவுக்குக் கடுமையானதன்று. ஆனால் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாட்களில் சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை பெருகிப் பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது.

முதற்புயல் காற்றால் மின்சாரத்தைப் பறித்தது. இரண்டாவது புயல் நீரால் பறித்தது. இரண்டிலும் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே: “மழைதான் விட்டுவிட்டதே, கரண்ட் ஏன் இன்னும் வரவில்லை?”

தலைமதகும் கடைமடையும்

ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதன் விடை எளிது. ஏரி நிறைய நீர் இருந்தாலும் தலைமதகு உடைந்து கிடந்தால், கடைமடையில் வரப்பைச் சீர்செய்து என்ன பயன்? மின்சாரமும் அவ்வாறே இறங்கி வருகிறது. உயரமான கோபுரங்களில் வரும் உயர் அழுத்த மின்சாரம் துணைமின் நிலையத்தை அடைகிறது. அங்கே அழுத்தம் குறைக்கப்பட்டு, 22,000 அல்லது 11,000 வோல்ட் அளவில் கிராமங்களை நோக்கிப் புறப்படுகிறது. ஊரில் உள்ள டிரான்ஸ்பார்மர் அதை மேலும் குறைக்க, நம் வீட்டுக்கு 230 வோல்ட் வந்து சேர்கிறது.

ஆகவே பழுது நீக்கும் வேலையும் மேலிருந்து கீழாகவே நடக்கிறது. முதலில் துணைமின் நிலையம். பிறகு மருத்துவமனை, குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்குச் செல்லும் தடங்கள். அதன்பின் ஊர் டிரான்ஸ்பார்மர். கடைசியாக தெருக்கம்பியும் வீட்டு இணைப்பும். ஒரே நேரத்தில் பலருக்கு ஒளி தரும் வேலை முந்திக்கொள்கிறது.

பக்கத்துத் தெருவில் விளக்கு எரிந்து நம் தெரு இருண்டிருப்பதும் இதனால்தான். அந்தத் தெரு வேறு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஒரே டிரான்ஸ்பார்மராயினும், அதிலிருந்து வரும் மூன்று ‘பேஸ்’ கம்பிகளுள் ஒன்றின் பியூஸ் மட்டும் போயிருக்கலாம்.

அறுந்த கம்பி உறங்குவதில்லை

கம்பி அறுந்து தரையில் விழுந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது எப்போதும் உண்மையன்று. துணைமின் நிலையத்தில் உள்ள காப்புக் கருவி, மிகுதியான மின்னோட்டம் பாய்ந்தால்தான் தடத்தைத் துண்டிக்கும். மணலிலோ மரக்கிளையிலோ விழுந்த கம்பியில் தடை அதிகம், மின்னோட்டம் குறைவு. கருவி அதனைச் சாதாரணப் பயன்பாடு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். பொறியும் ஓசையும் இன்றிக் கிடக்கும் கம்பியிலும் உயிரைக் குடிக்கும் மின்சாரம் இருக்கலாம். மேலும், காலையில் உயிரற்றுக் கிடந்த கம்பி, துணைமின் நிலையத்தில் வேலை முடிந்ததும் பிற்பகலில் உயிர் பெற்றுவிடலாம்.

கம்பியைத் தொடாமலே ஆபத்து நேர்வது எப்படி? மின்சாரம் நிலத்தில் இறங்கும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம். அங்கிருந்து விலக விலகக் குறையும். நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கும்போது ஒரு கால் அதிக அழுத்தத்திலும் மறு கால் குறைந்த அழுத்தத்திலும் நிற்கின்றன. இந்த வேறுபாடே உடலினூடே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. ஆடுமாடுகள் இதில் எளிதில் மடிகின்றன. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். பாயும் மின்சாரம் நெஞ்சையும் கடந்து செல்கிறது.

எனவே அறுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகி நில்லுங்கள். தவறி அருகே போய்விட்டால் ஓடாதீர்கள். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து வெளியேறுங்கள். நீர் தேங்கிய வயலில் கம்பி கிடந்தால் அந்த நீரிலேயே இறங்க வேண்டாம். மின்கம்பத்திலும் அதைத் தாங்கும் ‘ஸ்டே’ கம்பியிலும் மாட்டைக் கட்டும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். கண்டதை 1912 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, மற்றவர் அணுகாதபடி வழியை மறியுங்கள்.

பின்வாசல் வழியே ஓர் ஆபத்து

டிரான்ஸ்பார்மர் இருவழிக் கருவி. 22,000 வோல்ட்டைச் சுமார் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைக்கும் அதே கருவி, கீழ்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தால் ஐம்பது மடங்காக உயர்த்தியும் அனுப்பும். மின்தடையின்போது ஒருவர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டு வயரிங்கில் நேராக இணைப்பதாகக் கொள்வோம். அந்த மின்சாரம் மீட்டர் வழியே தெருவுக்குச் சென்று, டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, எங்கோ கம்பத்தின் மேல் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கலாம்.

இதற்காகவே மின்பணியாளர்கள் தடத்தைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று சோதித்தபின், கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து நிலத்துடனும் சேர்த்துவிட்டு ஏறுகின்றனர். எதிர்பாராமல் மின்சாரம் வந்தாலும் அது நிலத்தில் இறங்கிவிடும். நாம் செய்யவேண்டியது, ‘சேஞ்ச் ஓவர்’ சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைக்காதிருப்பது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கவும் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாத நஞ்சு. இருட்டில் பொறுமையிழந்து, கழியால் டிரான்ஸ்பார்மர் பியூசைப் போட முயலும் துணிச்சலும் வேண்டாம்.

வீட்டில் நீர் புகுந்திருந்தால்

ஒரு சிறு கணக்கு. நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ட் அதில் 0.23 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். 0.1 ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். வீட்டு பியூஸ் உருகவோ 5 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதாவது பியூஸ் வயரைக் காக்கும், உங்களைக் காக்காது. 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கசிவுக் காப்புக் கருவி இருந்தால் அதுவே உயிர்க்காவல்.

வெள்ளம் வருமுன் மெயினை அணையுங்கள். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். நீர் வடிந்தபின், மீட்டர் பெட்டியும் சுவிட்சுகளும் நன்கு காய்ந்து, மின்பணியாளர் சோதித்த பிறகே மின்சாரத்தை ஏற்றுங்கள். வயலில் நீரில் மூழ்கிய பம்புசெட் மோட்டாரை உடனே ஓட்டினால் அதன் சுருள் எரிந்துபோகும். உலர்த்தி, மின்காப்பைச் சோதித்த பின்னரே ஓட்டவேண்டும். மூன்று பேசும் வந்துவிட்டனவா என்றும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் மோட்டார் வீண்.

யாரேனும் மின்சாரம் தாக்கிக் கிடந்தால் வெறுங்கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். இயலாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கழியால் வீட்டு வயரை விலக்கலாம். தெருவின் உயர் அழுத்தக் கம்பியாயின் கழியும் உதவாது. மின்சாரம் நிறுத்தப்படும்வரை அணுகக்கூடாது. மூச்சு இல்லையெனில் 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே விரைந்து அழுத்திக்கொண்டே இருங்கள்.

புயலின்போது அணைந்த விளக்கு ஒருநாள் தாமதித்தாலும் எரியும். அந்த ஒருநாள் அவசரத்தில் அணைந்த உயிரை மீட்க எந்தத் துணைமின் நிலையமும் இல்லை.