மரம் துளைக்கும் நீள்கொம்பு வண்டு... உங்கள் தோட்டத்தில் இருப்பது எது?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் பலாவோ மாவோ கிளை கிளையாகக் காய்ந்தால், ‘வண்டு விழுந்துவிட்டது’ என்பார்கள். எந்த வண்டு என்று தெரிந்தால்தான் மரத்தைக் காப்பாற்ற முடியும். வண்டுக்கு வண்டு அது தாக்கும் இடமும் பருவமும் மாறும்.

பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது நீள்கொம்பு வண்டுக் குடும்பம். உலகில் இதில் 35,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமேசான் காட்டின் டைட்டானஸ் வண்டு 16 செ.மீ. வரை வளரும். நம் நாட்டு இனங்களை கஹான் என்ற அறிஞர் 1906-லேயே வகைபிரித்து நூலாக்கினார். பெரும்பாலானவை பட்ட மரத்தைத் தின்பவை. சில மட்டுமே உயிர்மரத்தைக் கெடுப்பவை.

குடும்ப அடையாளம் எளிது. உணர்கொம்பு உடல் அளவுக்கோ அதற்கு மேலோ நீண்டிருக்கும். கண், கொம்பின் அடியைச் சுற்றி வளைந்திருக்கும். தென்னையின் காண்டாமிருக வண்டு வேறு குடும்பம்.

மா, பலா, இலவம்: சுமார் 5 செ.மீ. நீளம், சாம்பல் நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள், பக்கத்துக்கு ஒரு முள். இது பட்டோசெரா. தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்தால், கொக்கி வளைத்த கம்பியால் புழுவைக் குத்தி இழுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

காபி: ஒன்றிரண்டு செ.மீ. நீளம், கறுப்பு உடல், வெள்ளைக் கோடுகள். இது வெள்ளைத் தண்டு துளைப்பான். அரபிகா செடியைத்தான் அதிகம் தாக்கும். ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் மாதங்களில் வண்டு வெளிவரும். அதற்குள் தண்டில் வரிவரியாகப் புடைப்பு உள்ள செடிகளைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். நிழல் குறையக் கூடாது.

முந்திரி: செம்பழுப்பு நிற வண்டு. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் வடியும். தொடக்கத்திலேயே பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்தால் மரம் தப்பும். இலை முழுவதும் மஞ்சளான மரம் பிழைப்பது அரிது. அதை வேரோடு அகற்றி, உள்ளிருக்கும் புழுக்களையும் அழிக்காவிட்டால் பக்கத்து மரத்துக்குப் போகும். பழைய புத்தகங்களில் இதன் பெயர் பிளோசெடெரஸ், இப்போது நியோபிளோசெடெரஸ். பெயர் மாறினாலும் வண்டு ஒன்றுதான்.

சந்தேகமான வண்டு கிடைத்தால் நசுக்கிவிடாமல், கொம்பு ஒடியாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டு, பிடித்த தேதியையும் மரத்தின் பெயரையும் எழுதி, தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டுங்கள். புழுவை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்வது கடினம். வண்டு கையில் இருந்தால், மருந்துக்கடைக்குப் போகும் முன்பே பாதி வேலை முடிந்த மாதிரி.