இஞ்சி எப்படி ஜிஞ்சர் ஆனது?

ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்’ நம் இஞ்சியிலிருந்து போனது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் நேரே போகவில்லை. ஐந்தாறு மொழிகளில் கைமாறித்தான் போய்ச் சேர்ந்தது.

ஆங்கிலத்திலிருந்தே பின்னோக்கிப் போவோம். பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ஜிஞ்சிவெர்’. லத்தீனிலிருந்து வந்த சொல் அது. நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வடிவமும் வந்து கலந்தது. லத்தீனுக்குக் கொடுத்தது கிரேக்கம், அங்கே ‘ஜிங்கிபெரிஸ்’. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் தம் மருந்து நூலில் இஞ்சியின் குணங்களை எழுதினார். அதே நூற்றாண்டின் ரோமானியர் பிளினி, ஒரு பவுண்டு இஞ்சி 6 தெனாரியஸ் என்று விலையே குறித்துவைத்தார். சரக்கோடு பெயரும் கடல் கடந்திருக்கிறது.

கிரேக்கத்துக்குப் போனது பிராகிருத வழியாக. பாலியில் ‘சிங்கிவேர’ என்பார்கள். நம் ‘வேர்’ அதில் அப்படியே நிற்கிறது. சமஸ்கிருதம் அதை ‘சிருங்கவேர’ ஆக்கி, கொம்பு வடிவ உடலுடையது என்று பொருள் கொண்டது. கிளைவிட்ட கிழங்கைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் அது பின்னால் கற்பித்த பொருள்.

இங்கே ஒரு கேள்வி எழும். பாலியில் முதலில் இருக்கும் ‘ச’ இஞ்சியில் எங்கே? தமிழ் உள்ளிட்ட தென்திராவிட மொழிகள் பல சொற்களில் முதல் சகரத்தை இழந்தவை. நமக்கு ‘ஆறு’ என்ற எண், இன்னொரு திராவிட மொழியான கோண்டியில் ‘சாரூங்’. இஞ்சியும் ஒரு காலத்தில் சகரத்தோடு இருந்தது, அந்த நிலையிலேயே வடக்கே போயிற்று என்பது மொழியியலாளர் கருத்து. பிரிட்டிஷ் அறிஞர் ஆலன் ராஸ் இந்த ஒரு சொல்லை ஆராய்ந்தே 1952-இல் தனி நூல் வெளியிட்டார்.

இதற்கு நேர்மாறு ஆங்கில எண் ‘ஒன்’. நம் ‘ஒன்று’ போலவே காதில் விழுகிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. லத்தீன் ‘ஊனுஸ்’ அதற்கு உறவு. ஒலி திரிந்து திரிந்து தற்செயலாக நம் சொல்லின் பக்கம் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. எந்த மொழி, எந்தக் காலத்தில், என்ன வடிவத்தில் வாங்கியது என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். இஞ்சிக்கு அது முடிகிறது. இனி யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் என்றால், கைதட்டுமுன் வழியைக் கேளுங்கள்.