குழாய்த் தண்ணீரும் இரண்டு துண்டு தேசிக்காயும்

தண்ணீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். சில வருடங்களுக்கு முன்னர் என்றால் நாங்களும் சிரித்திருப்போம்.

நாங்கள் சுவிஸில் ஜேர்மன் மொழி பேசும் பகுதியொன்றில், சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நான்கு குடும்பங்கள். எல்லோரும் முப்பதுகளில் இருப்பவர்கள். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டு, பிறகு நாட்டையும் விட்டு வந்தவர்கள். வைத்தியம் படித்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. எங்கள் வீடுகளில் நடந்ததையும் அதிலிருந்து கற்றதையும், புதிதாக வந்து குடியேறியிருக்கும் உறவுகளுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவ்வளவுதான்.

குழாயை நம்பாத காலம்

வந்த புதிதில் எங்களில் ஒருவரும் குழாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சிலர் 2009இல் செட்டிகுளம் முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்காக வரிசையில் காத்து நின்றவர்கள். சிலர் சுன்னாகத்துப் பக்கத்தவர்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அங்கே கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்த பிரச்சினை வெடித்தபோது, தலைமுறையாகக் குடித்த கிணற்றையே பயத்தோடு எட்டிப் பார்த்தவர்கள். மற்றவர்கள், தாய்மார் கொதிக்க வைத்து ஆற்றித் தந்த தண்ணீரில் வளர்ந்தவர்கள். இப்படி வந்தவர்களிடம் போய், "குழாயைத் திறந்து அப்படியே குடியுங்கோ" என்றால் யார் நம்புவார்கள்?

மூடி போட்ட போத்தலில் வருவதுதான் பாதுகாப்பு என்று நினைத்தோம். காசு கொடுத்து வாங்குவதென்றால் வெறும் தண்ணீரை ஏன் வாங்குவான் என்றும் நினைத்தோம். ஆகவே எங்களுக்குக் கோலா, பிள்ளைகளுக்கு ஜூஸ். ஆவியும் சூடும் நிறைந்த வேலைத்தலத்தில், ஒரு நேர வேலைக்கு ஒன்றரை லீற்றர் கோலாப் போத்தல் ஒருவருக்குக் காலியாகும். சனிக்கிழமைகளில் போத்தல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவோம்.

ஒரே குளிர்காலத்தில் இரண்டு அடி விழுந்தது. எங்களில் ஒருவருக்கு வயது 36. களைப்பு என்று டாக்டரிடம் போனவருக்கு, இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது, இப்படியே போனால் சலரோகம் என்று சொல்லிவிட்டார்கள். அதே மாதம் இன்னொரு வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான்கு பாற்பற்கள் சொத்தை. இந்த நாட்டு அடிப்படை மருத்துவக் காப்புறுதி வழக்கமான பல் வைத்தியத்துக்குக் காசு தராது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தவணை முறையில் கட்டி முடித்தோம். ஆனால் பல்வலியில் பிள்ளை அழுத இரவுகளுக்குத் தவணை இல்லையே!

"படுக்கப் போகும்போது பிள்ளை என்ன குடிக்கிறவ?" என்று பல் வைத்தியர் கேட்டார். "அப்பிள் ஜூஸ்" என்று பெருமையோடு சொன்னோம். பழச்சாறு பிள்ளைக்கு நல்லதுதானே என்பது எங்கள் எண்ணம். அவர் தலையை ஆட்டினார்.

தராசில் வைத்துப் பார்த்தோம்

அன்றிரவு போத்தலின் பின்பக்கத்தைப் படித்தோம். "டாவோன் சுக்கர்" என்று ஒரு வரி இருக்கும். அதில் சீனி எவ்வளவு என்பதுதான் அதன் பொருள். புதிதாக மொழி படிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய வரிகளில் இதுவும் ஒன்று. சாதாரண கோலாவில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 10 கிராமுக்கு மேல் சீனி. ஒன்றரை லீற்றருக்குக் கணக்குப் பார்த்து, சமையலறைத் தராசில் சீனியை நிறுத்தோம். 150 கிராமைத் தாண்டியது. தேக்கரண்டியில் 40 கரண்டி வரும்! தேநீருக்கு இரண்டு கரண்டி போட்டாலே "காணும், காணும்" என்று தடுக்கும் எங்கள் பெண்கள் அந்தக் குவியலைப் பார்த்துப் பேசாமல் நின்றார்கள். பழச்சாறும் பெரிதாகக் குறைவில்லை. பெரும்பாலானவற்றில் கோலாவுக்குக் கிட்டத்தான் சீனி இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனியும் பழச்சாற்றுச் சீனியும் ஒரு நாள் சக்தியில் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 வீதத்துக்குள், அதாவது வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள், இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் தெற்காசிய இனத்தவருக்குச் சலரோகம் இளவயதிலேயே வரும் வாய்ப்பு ஐரோப்பியரைவிடக் கூடுதல் என்பதும் தெரிந்ததே.

காலடியில் இருந்த நல்ல தண்ணீர்

இந்த நாட்டுக் குடிதண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஊற்றிலும் நிலத்தடியிலும் இருந்து வருகிறது. மிச்சம் ஏரித் தண்ணீர். சோதித்துத்தான் வீட்டுக்கு விடுகிறார்கள். 1,000 லீற்றருக்குச் சுமார் 2 பிராங். ஒரு பெரிய கோலாப் போத்தலின் விலைக்கு ஆயிரம் லீற்றர்! இங்குள்ளவர்கள் குழாய்த் தண்ணீரைப் பகிடியாக "ஹானன்பூர்கர்" என்று சொல்லி, வெட்கமில்லாமல் குடிக்கிறார்கள். சூரிச் நகரில் மட்டும் 1,200க்கு மேற்பட்ட தெருவோரத் தண்ணீர்த் தொட்டிகள் உள்ளன. "கைன் ட்ரிங்க்வாசர்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் மட்டும் பிடியுங்கள். காலையில் முதலில் சிறிது ஓட விட்டு, நன்றாகக் குளிர்ந்து வந்த பிறகு பிடிப்பது நல்லது.

செய்யும் விதம்

தண்ணீரைக் கொடுத்தபோது பிள்ளை, "அம்மா, இது சப்பெண்டு கிடக்கு" என்று தள்ளிவிட்டாள். அதற்குத்தான் பழத்துண்டு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு எங்கள் அளவுகள் இவை:

கெக்கரிக்காய், தேசிக்காய், புதினா: கெக்கரிக்காய் மெல்லிய வட்டங்கள் 8 அல்லது 10, தேசிக்காய் வட்டம் 2, புதினா இலை 6. இலையை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டிப் போட்டால் வாசம் நன்றாக இறங்கும். குளிர்ப்பெட்டியில் 2 மணித்தியாலம் போதும்.

தோடம்பழம், இஞ்சி: தோல் நீக்கிய தோடம்பழம் பாதி, இஞ்சி மெல்லிய சீவல் 4. வேலைக்குக் கொண்டுபோக எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

அப்பிள், கறுவா: ஒரு அப்பிளை மெல்லியதாக வெட்டி, ஒரு துண்டுக் கறுவாப்பட்டையோடு இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். எங்கள் இலங்கைக் கறுவா என்றால் இன்னும் நல்லது. இங்கு மலிவாக விற்கும் தடித்த பட்டையைவிட அதில் ஈரலைத் தாக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் மிகக் குறைவு.

அன்னாசி அல்லது பெரிப் பழங்கள்: சின்னத் துண்டுகள் ஒரு கைப்பிடி. உறைய வைத்த பெரிப் பழங்களைப் போட்டால் ஐஸ்கட்டி தேவையில்லை. பழம் விலை கூடிய குளிர்காலத்தில் இது கைகொடுக்கும்.

சீனி, தேன், உப்பு எதுவும் வேண்டாம். சீனி போட்டால் மறுபடியும் கோலாப் பாதைதான்.

கவனிக்க வேண்டியவை

கையையும் பழத்தையும் நன்றாகக் கழுவுங்கள். கடையில் விற்கும் தோடம்பழம், தேசிக்காய்த் தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்தும் மெழுகும் பூசுவதுண்டு. "உன்பெகான்டெல்ட்" என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இல்லையென்றால் தோலைச் சீவிவிடுங்கள். தோல் நெடுநேரம் ஊறினால் கசக்கும்.

வெளியில் வைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடியுங்கள். குளிர்ப்பெட்டியில் ஒரு நாள். பிறகு பழத்தை எறிந்துவிட வேண்டும். போத்தலைத் தினமும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தேசிக்காய் போட வேண்டாம். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது.

புளிப்புத் தண்ணீரை நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல்லின் மேற்பூச்சு தேயும். அதைச் சாப்பாட்டோடு குடித்து, மற்ற நேரங்களில் வெறும் தண்ணீர் குடியுங்கள். இரவு பல் தீட்டிய பிறகு கட்டாயம் வெறும் தண்ணீர்தான்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம், பால் போதும். சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தண்ணீர் உடம்பைக் கழுவும், கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இது மருந்தல்ல. பழத்திலிருந்து இறங்கும் விற்றமினும் சொற்பமே. சீனித் தண்ணீர் இருந்த இடத்தில் இது இருக்கிறது, அதுதான் இதன் பெரிய நன்மை.

விருந்தாளிக்குத் தண்ணீரா?

பழகுவதற்கு எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. எந்தப் பழம் போடுவது என்று பிள்ளையையே தெரிவு செய்ய விட்ட பிறகுதான் அவள் குடித்தாள். வேலைத்தலத்து நண்பரின் அடுத்த இரத்தச் சோதனையில் சீனி இறங்கியிருந்தது. அவர் சோற்றையும் குறைத்தார், நடக்கவும் தொடங்கினார். ஆகவே எல்லாப் புகழையும் தண்ணீருக்குக் கொடுக்க மாட்டோம்.

ஆனால் ஒரு தடை கடைசிவரை நின்றது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் சோடா உடைத்து வைக்காவிட்டால் மரியாதையில்லை என்ற எண்ணம். "வந்த சனத்துக்குத் தண்ணியோ குடுக்கிறது?" என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. அப்போது ஒருவர் கேட்டார், "கோயில் திருவிழாவில தண்ணீர்ப் பந்தலிலை மோரும் தண்ணியும் வாங்கிக் குடிச்சம். ஆரும் குறைவாய் நினைச்சமோ?" எங்களிடம் பதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடிக் கூசாவில் கெக்கரிக்காயும் தேசிக்காயும் மிதக்கவிட்டு மேசையில் வைத்தோம். வந்த அக்கா இரண்டாவது கிளாஸையும் குடித்துவிட்டு, "பிள்ளையள், இது எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார். நாங்கள் குழாயைக் காட்டினோம்.

இன்றிரவே ஒரு போத்தல் போட்டு வையுங்கள். காலையில் வேலைக்கும் பாடசாலைக்கும் அது உங்களோடு வரட்டும்.